சனி ஒன்று, பெயர்ச்சி இரண்டா?

1966-இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம் இன்று காமராசர் பெயர் தாங்கி நிற்கும் ஊர் நாகமலை புதுக்கோட்டை. அங்கே இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் வீடு திரும்புகிறார் என்று கொள்வோம். "சனி பெயரட்டும்" என்று சொல்லி, தங்கையின் திருமணத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அது எப்போது பெயரும்? திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் 29 என்றது. வாக்கியப் பஞ்சாங்கமோ 2026 மார்ச் 6 என்றது. வானில் சனி ஒன்றுதான். தேதிகள் இரண்டு. நடுவே ஏறத்தாழ ஓர் ஆண்டு!

இவ்வேறுபாடு எப்படி வந்தது? வாக்கியம், முன்னோர் வகுத்த பழைய கணக்கு வாய்பாடுகளைப் பின்பற்றுவது. திருக்கணிதம், வானத்தை நோக்கித் திருத்திய கணக்கு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த ரகுநாதாச்சாரி இத்திருத்தத்துக்காக உழைத்தவர். ஆக, அறிவியல் பஞ்சாங்கத்துக்குள் நுழைந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. கோளின் இருப்பிடம் திருந்தியது. ஆனால் அதற்குச் சொல்லும் பலன் மட்டும் சோதனைக்கு வரவேயில்லை.

2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு சோதிடத்தைப் பட்டப் படிப்பாக்க முன்வந்தது. அதை எதிர்த்து அறிவியலாளர் பார்கவா முதலியோர் தொடுத்த வழக்கை 2004-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பாடமாக வைக்கலாமா என்பதற்குத்தான் அங்கே விடை கிடைத்தது. பலன் பலிக்குமா என்பதற்கு நீதிமன்றம் விடை தர இயலாது. சோதனைதான் தர இயலும்.

அச்சோதனையை மராட்டியத்தில் வானியலறிஞர் நார்லிகரும் துணைவர்களும் செய்தனர். நன்கு படிக்கும் பிள்ளைகள் 100 பேர், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் பிறப்பு விவரங்களிலிருந்து சாதகங்கள் கணிக்கப்பட்டன. ஆளுக்கு 40 சாதகங்களைப் பெற்ற சோதிடர்கள், எது யாருடையது எனப் பிரித்துச் சொல்ல வேண்டும். 27 பேர் விடை அனுப்பினர். சராசரியாகச் சரியானவை நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்குமே! முடிவுகள் 2009-இல் வெளியாயின.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பைச் சமதரையில் செங்குத்தாக நடுங்கள். டிசம்பர் 22 அன்று நண்பகல் நிழலை அளந்தால், மதுரைப் பகுதியில் சுமார் 66 சென்டிமீட்டர் இருக்கும். தை முதல் நாளில் அளந்தால் சுமார் 61 தான் இருக்கும். பஞ்சாங்கம் தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறது. நிழலோ, கதிரவன் மூன்று வாரங்களுக்கு முன்பே வடக்கே திரும்பிவிட்டதைக் காட்டுகிறது. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லச் சுழல்வதால், ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் சேர்ந்த வேறுபாடு இது. அதனால் பொங்கலின் இனிப்புக் குறையப் போவதில்லை. விழாவை மகிழ்ந்து கொண்டாடுவோம்.

ஆனால் ஒரு பெண்ணின் திருமணத்தை, ஒரு மாணவனின் படிப்பைத் தள்ளிப்போடச் சொல்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "எந்தப் பஞ்சாங்கப்படி? எந்தச் சோதனைப்படி?" அவர் விடை சொல்லும்வரை அக்குடும்பம் ஏன் காத்திருக்க வேண்டும்?