பனியில் ஓர் இறக்கம்

வெள்ளவத்தைக் கடற்காற்றின் உப்பில் சங்கிலி துருவேறக் கண்டு, காலி வீதியின் பஸ்களுக்கிடையே ஒதுங்கி ஒதுங்கியே மிதித்துப் பழகிய எனக்கு, தைப்பொங்கல் விடுமுறையில் நானுஓயாவிலுள்ள பிறந்த வீட்டுக்குச் சென்று, தாழ்வாரத்தில் சாத்தியிருக்கும் பழைய றலி துவிச்சக்கரவண்டியை அதிகாலைக் குளிரில் வெளியே எடுப்பது தனியானதோர் ஆனந்தம். 6,000 அடிக்கு மேல் வீற்றிருக்கும் நுவரெலியாவை நோக்கி ஏறுகையில் பாதித் தூரம் அதனைத் தள்ளிக்கொண்டே நடக்க நேர்கிறது; அதில் அவமானமொன்றுமில்லை.

திரும்பும் இறக்கத்திலேதான் அதன் சங்கீதம் ஆரம்பமாகிறது. கால்கள் ஓய்ந்திருக்க, பின்சக்கரத்தின் பிறீவீல், சில்வண்டு போலச் சன்னமாக இசைத்து, சரிவு கூடுந்தோறும் சுருதி ஏற, தேயிலைத் தொழிற்சாலையில் வாடும் கொழுந்தின் மணம் ஒரு வளைவில் முகத்திலடித்து மறுவளைவில் மறைந்துவிடுகிறது. பனியில் நனைந்த பிறேக்கின் றப்பர்க் கட்டைகளோ உடனே பற்றுவதில்லை. முதலில் சக்கர விளிம்பின் ஈரத்தைத் துடைத்து, அப்புறமே மெல்லப் பிடிக்கின்றன. ஆகவே வளைவு வருமுன்னரே, விறைத்த விரல்களால் விட்டுவிட்டு அழுத்தும் பொறுமை வேண்டும். லீக்ஸ் மூட்டையைப் பின்னே கட்டிக்கொண்டு இதே பாதையில் இறங்குவோர் இதனையொரு வித்தையாகவே கருதுவதில்லை. வளைவின் நடுவே ஒரு கையால் கழுத்துத் துண்டையும் சரிசெய்துகொள்கிறார்கள்.