திரும்பி வராத புரதம்

சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைகின்றனவா என்று பார்க்கும் ரிப்போர்ட்டில், உடைவு இருந்தால் பிலிரூபின் ஏறியிருக்கும், எல்டிஹெச் என்ற நொதி ஏறியிருக்கும். ஹாப்டோகுளோபின் என்ற புரதம் மட்டும் இறங்கியிருக்கும். பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 30 முதல் 200 மில்லிகிராம் வரை இருக்க வேண்டியது, சில சமயம் அளக்கவே முடியாத அளவுக்குப் போயிருக்கும். இந்தப் பரிசோதனையில் சேதி சொல்வது இல்லாமைதான்.

ஏன் இல்லாமல் போகிறது என்பதில்தான் அழகே இருக்கிறது. சிவப்பணு ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்தால் ஹீமோகுளோபின் வெளியே சிந்துகிறது. நான்கு சங்கிலிகளாகச் சேர்ந்திருந்தது இரண்டிரண்டாகப் பிரிகிறது. அந்தப் பாதி மூலக்கூறு சிறுநீரக வடிகட்டியில் நழுவிவிடும் அளவுக்குச் சிறியது. நழுவினால் இரும்பும் வீண், சிறுநீரகத்துக்கும் கேடு. அதற்குள் கல்லீரல் அனுப்பி வைத்த ஹாப்டோகுளோபின் அதைப் பற்றிக்கொள்கிறது. பற்றினால் விடாது. இரண்டும் சேர்ந்த உருவம் வடிகட்டியில் நுழையாது.

இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் சரக்கை இறக்கிவிட்டு அடுத்த நடைக்குத் திரும்பிவிடும். ஹாப்டோகுளோபினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் காத்திருக்கும் விழுங்கணுக்களின் மேல் சிடி163 என்றொரு ஏற்பி உண்டு. 2001-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் அதன் வேலையைக் கண்டு சொன்னார்கள். வெறுங்கையோடு சுற்றும் ஹாப்டோகுளோபினை அது சட்டை செய்வதில்லை. சுமையோடு வந்தால் சுமையையும் சுமந்ததையும் சேர்த்தே விழுங்கவைக்கும். தனியாக இருந்தால் சில நாள் உலவக்கூடியது, நிமிடக் கணக்கில் தீர்ந்துபோகிறது. கல்லீரல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து உற்பத்தி செய்ய முடியாது.

இன்னொரு நுட்பம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். ரத்தம் எடுக்கும்போதே சோதனைக் குழாயில் அணுக்கள் உடைந்துபோவதுண்டு. எல்டிஹெச் பொய்யாக ஏறிவிடும். ஹாப்டோகுளோபின் பெரும்பாலும் அசையாது. ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டாலும் அது குழாயிலேயேதான் கிடக்கிறது, விழுங்க ஆளில்லை. எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கொண்டு அளக்கும் கருவி அதையும் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

ஏமாற்றும் இடங்களும் உண்டு. காய்ச்சல், அழற்சி வந்தால் கல்லீரல் ஹாப்டோகுளோபினைக் கூடுதலாகச் சுரக்கும், உடைவு மறைந்துவிடலாம். கல்லீரலே கெட்டிருந்தாலோ, பச்சிளங்குழந்தையானாலோ உடைவில்லாமலே குறைவாக இருக்கும்.

ஆளுக்கு ஆள் இதன் உருவமும் வேறு. 1955-ல் டொரான்டோவில் ஆலிவர் ஸ்மித்தீஸ் ஸ்டார்ச் கூழில் ரத்தப் புரதங்களைப் பிரித்தபோது அது தெரியவந்தது. சட்டைக்குக் கஞ்சி போடும் அம்மாவுக்குச் சிறுவயதில் உதவியபோது, ஆறிய கஞ்சி கட்டியாவதைப் பார்த்த நினைவுதான் அவருக்கு அந்த யோசனையைத் தந்தது. 1-1, 2-1, 2-2 என மூன்று வகை. 2-2 வகையில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிய வளையங்களாகும். ரத்தத்தில் அதன் அளவும் பொதுவாகச் சற்றுக் குறைவு. இந்தியர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இந்த வகைதான்.