ரணதிவே பாதை: ஒரு மறுமதிப்பீடு

இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை, 1950-ல் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்தின் சேலம் மத்திய சிறையில் அந்த ஆண்டு பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். எங்களை அரசியல் கைதிகளாக நடத்துங்கள் என்று கேட்டவர்கள். இந்தியா குடியரசாகி அப்போது 16 நாள்தான் ஆகியிருந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் பி.டி.ரணதிவேயின் அரசியலை எடைபோட வேண்டிய இடம் அந்தச் சிறைதான்.

சுட்டது அரசு, அந்தப் பழியை வேறு யார் மீதும் ஏற்ற முடியாது. ஆனால் சிறைக்குள்ளும் மோதலைத் தொடரச் சொன்னது ரணதிவேயின் தலைமை. 1948-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கல்கத்தா மாநாட்டில் பொதுச் செயலாளரான அவர், நாடு புரட்சிக்குக் கனிந்துவிட்டது என்று உறுதியாக நம்பினார். 1949 மார்ச் 9 அன்று ரயில்வே வேலைநிறுத்தம் வெடித்தால் நாடே எழும் என்பது கணக்கு. ரயில்கள் ஓடின. தொழிலாளிகள் வரவில்லை என்ற செய்தியைத் தலைமை பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை. தயங்கிய தோழர்களைச் சந்தர்ப்பவாதிகள் என்றது. என் பார்வையில் தோல்வியைவிடப் பெரிய குற்றம் இதுதான். 1950-ல் அவர் பதவியிழந்தபோது கட்சி சிதறிக் கிடந்தது.

அவருடைய துணிச்சலையும் படிப்பையும் எவரும் மறுக்க முடியாது. நேரு அரசு நிலவுடைமையாளர்களோடு சமரசம் செய்துகொள்ளும் என்று அவர் சொன்னதும் பொய்க்கவில்லை. பின்னாளில் சிஐடியு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பின் முதல் தலைவராகி, 1990-ல் இறக்கும்வரை தொழிற்சங்கம் கட்டினார். அந்த ரணதிவே, 1948-ன் ரணதிவேயைவிடப் பெரியவர்.

1948-ன் பாதை அதே சேலம் மாவட்டத்து மலைகளுக்கும் பொருந்தவில்லை. கொல்லிமலை மக்களின் வாழ்வு பட்டா, வனத்துறை, வட்டிக்காரர் என்ற மூன்றுக்குள் சிக்கியது. பொது வேலைநிறுத்தத் தேதி அங்கே எதை அசைக்கும்? பம்பாய்க்கு அருகே தாணேயில் வார்லி பழங்குடிகளை அதே கட்சியின் கோதாவரி பருலேகர் திரட்டியது 1945-ல். குடிசை குடிசையாகப் போய்க் கட்டிய இயக்கம் அது. அந்த உதாரணம் கண்முன்னே இருந்தும் தலைமை அவசரத்தையே தேர்ந்தெடுத்தது.

அவசரப்படாத போராட்டம் எதைச் சாதிக்கும் என்பதைப் பின்னாளில் வாச்சாத்தி காட்டியது. கொல்லிமலையில் வாழும் அதே மலையாளி பழங்குடியினர்தான் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியிலும் வாழ்கிறார்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் ஊருக்குள் புகுந்தன. ஊராரை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தார்கள். 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். குடிதண்ணீர்க் கிணற்றில் டீசலை ஊற்றினார்கள். மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் அந்தப் பெண்களோடு பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறின. 2011-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.