உப்புக்காற்றுக்கு ஏற்ற வயர்

கல்முனைக் கடைத்தெருவில் நெட்வொர்க் கேபிள் வாங்குகிறவர் உறையின் நிறத்தில் மயங்காமல் கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்க்கட்டும். வெள்ளை தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். வளைத்தால் முறியும், கடற்காற்றில் பூத்துப்போகும்.

சுத்தச் செம்பு கேட்6, 100 மீட்டர் வரை பழுதில்லை. எட்டு இழையையும் நிற வரிசையில் நீவி, ஒரே மட்டமாக நறுக்கி, கிரிம்பரை அழுத்தும் தம்பியின் விரல்களில் மருதமுனைத் தறிக்காரரின் நிதானம். ஜோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் அவர் பிரிக்கமாட்டார்; ஒரு ஜோடியின் இரைச்சல் மற்றதில் ஏறாமல் காப்பதே அந்த முறுக்குத்தான்.

கட்டடம் விட்டுக் கட்டடம் போக உலோகமில்லாத ஃபைபர்தான் சரி. மாரிகால மின்னல் அதன் வழியே சுவிட்சுக்கு வராது. சிங்கிள்மோட் ஃபைபரில் ஒளி ஓடும் நடுத்தண்டு ஏறக்குறைய 9 மைக்ரான். ஒரு தூசியே மறைத்துவிடும். கழற்றியதும் மூடி போடுங்கள். ஒளி வருகிறதா என்று முனைக்குள் கண் வைக்காதீர்கள்: அது தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.