கைப்பிடியைக் கழற்றியது வரைபடம் இல்லை

ஜிஐஎஸ் வகுப்புகளில் முதல் நாள் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1854, லண்டனின் சோஹோ பகுதி. காலராவில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறிக்கிறார். குறிகள் பிராட் தெருப் பம்பைச் சுற்றிக் குவிகின்றன. பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொல்கிறார். நோய் நின்றுவிடுகிறது.

நானும் இதை இப்படியேதான் பல தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். காலரா பரவும் விதம் பற்றி ஸ்நோ எழுதிய புத்தகத்தின் 1855ஆம் ஆண்டுப் பதிப்பை உட்கார்ந்து படித்தபோதுதான், கதையின் வரிசையே தலைகீழ் என்று உறைத்தது.

தேதிகளைப் பாருங்கள். நோய் வெடித்தது ஆகஸ்ட் 31 இரவு. கைப்பிடியைக் கழற்றியது செப்டம்பர் 8. வரைபடத்தை ஸ்நோ ஒரு கூட்டத்தில் காட்டியது டிசம்பரில். காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பதையோ அவர் 1849லேயே எழுதிவிட்டார். கைப்பிடியைக் கழற்றியதால்தான் நோய் நின்றது என்றும் அவர் அடித்துச் சொல்லவில்லை. அதற்கு முன்பே பலர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள், சாவும் குறைந்துகொண்டிருந்தது என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.

அப்போ அந்த ஒரு வாரத்தில் அவர் என்னதான் செய்தார்? வீடு வீடாகப் போய் விசாரித்தார். பதிவாளர் அலுவலகத்தில் 83 சாவுகளின் பட்டியலை வாங்கினார். அதில் 73 பேரின் வீடு பிராட் தெருப் பம்புக்குப் பக்கம். அவர்களில் 61 பேர் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று விசாரித்து அறிந்தார். மீதி 10 பேரின் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது வேறு பம்பு. வெறும் வரைபடமாக இருந்தால் இவர்களை 'பொருந்தாத புள்ளிகள்' என்று ஒதுக்கிவிட்டுப் போயிருப்போம். ஸ்நோ கதவைத் தட்டினார். அந்தப் பத்தில் 5 குடும்பங்கள், பிராட் தெருத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று அங்கிருந்தே எடுத்துவரச் செய்தவர்கள். 3 பேர் அந்தப் பம்புக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போன குழந்தைகள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பக்கத்திலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் செத்தது 5 பேர்தான். அங்கே சொந்தக் கிணறு. பிராட் தெருவிலேயே இருந்த மதுவடிப்பு ஆலையில் 70க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவர்கூட காலராவில் சாகவில்லை. அவர்கள் அந்தப் பம்புப் பக்கமே போகவில்லை. மைல்கணக்கில் தள்ளியிருந்த ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவை இறந்துபோனார். பழைய பழக்கத்தில், பிராட் தெருத் தண்ணீரைத் தினமும் புட்டியில் வரவழைத்துக் குடித்தவர் அவர்.

என் வாசிப்பில், ஸ்நோவின் வாதத்தைத் தாங்குவது குவிந்த புள்ளிகள் இல்லை. இந்த விதிவிலக்குகள்தான். ஏனென்றால் குவிதல் மட்டும் எதையும் நிரூபிக்காது. கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பியவர்களுக்கும் ஒரே இடத்தில் சாவு குவிவது வசதியான சாட்சிதான்! சுகாதார வாரியத்தின் விசாரணைக் குழுவிடமும் இதே சாவுகளைக் குறித்த வரைபடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டே பம்புத் தண்ணீர்க் கருத்தை அந்தக் குழு ஏற்க மறுத்தது. ஒரே புள்ளிகள், இரண்டு தீர்ப்புகள்.

ஸ்நோவின் இன்னும் பலமான ஆதாரத்தைப் பற்றி வகுப்பில் யாரும் பேசுவதே இல்லை. தெற்கு லண்டனில் இரண்டு தண்ணீர் கம்பெனிகளின் குழாய்கள் ஒரே தெருவில் ஓடின. அடுத்தடுத்த வீடுகள், வேறு வேறு தண்ணீர். லாம்பெத் கம்பெனி 1852இல் தேம்ஸின் மேல்பகுதிக்கு மாறி, சாக்கடை கலக்காத தண்ணீரை எடுத்தது. சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி மாறவில்லை. 1854 கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில் சதர்க் கம்பெனியின் 10,000 வீடுகளுக்கு 315 சாவு, லாம்பெத்தின் 10,000 வீடுகளுக்கு 37. ஆனால் எந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்பது தெருவைப் பார்த்தால் தெரியாது. அங்கேயும் வாசலில் போய்க் கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது. வீட்டுக்காரருக்கே தெரியாதபோது தண்ணீரில் இருக்கும் உப்பைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் டெங்கு நோயாளிகளின் முகவரிகளை வைத்து ஒரு ஹீட் மேப் போட்டேன். ஒரு பகுதி மட்டும் ரத்தச் சிவப்பாக வந்தது. கொசு மருந்து அங்கேதான் முதலில் அடிக்கணும் என்று எழுதியும் கொடுத்தேன். அப்புறம் நேரில் போய்ப் பார்த்தால், ரத்தப் பரிசோதனை செய்யும் இடம் அதற்குப் பக்கத்தில். காய்ச்சல் வந்தவர்கள் சுலபமாகப் போய்ச் சோதித்துக்கொண்டார்கள், கணக்கில் ஏறினார்கள். தள்ளியிருந்த தெருக்காரர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்திருந்தார்கள். என் வரைபடத்தில் அவர்கள் தெரு வெறும் வெள்ளை. மருந்து முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் அதுவாகவும் இருந்திருக்கலாம்.

வரைபடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்நோ பிற்பாடு திருத்திய வரைபடத்தில் ஒரு கோடு சேர்த்தார்: பிராட் தெருப் பம்புக்கும் மற்ற பம்புகளுக்கும் நடைதூரம் சமமாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு. தண்ணீருக்கு மனுஷர் எந்த வழியாக நடப்பார் என்று யோசித்து வரைந்த கோடு அது. அந்த யோசனை, கதவைத் தட்டாமல் அவருக்கு வந்திருக்காது.

அடுத்த தடவை வகுப்பில் கைப்பிடிக் கதையை நான் கடைசியில்தான் சொல்லப்போகிறேன். முதல் நாள் வேலை வேறு: உங்கள் வரைபடத்தில் பொருந்தாத பத்துப் புள்ளிகளை எடுங்கள், அந்தப் பத்து வீட்டுக்கும் போய்விட்டு வாருங்கள்.