ஓவன் பெரியப்பாவின் நிலம்

பல வருஷங்களாக நடந்துவரும் ஆன்லைன் விளையாட்டு ஒன்று திசை மாறும்போதெல்லாம் அதை ஆடுகிறவர்கள் கொதித்தெழுகிறார்கள். இந்தக் கொதிப்புக்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. பழகியதை விட மனமில்லாதவர்கள் என்கிறது விளையாட்டை நடத்தும் கம்பெனி. பொம்மை உடைந்ததற்கு அழும் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு மேலே போகிறார்கள் கலை, இலக்கியம் என்று பேசுகிறவர்கள். ஒன்று வியாபாரியின் பதில், மற்றது பண்டிதரின் பதில். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஆடுகிறவன் வெறும் நுகர்வோன், பண்டத்தைப் பற்றி அவனுக்கு ருசி இருக்கலாம், பார்வை இருக்க முடியாது. இந்த அடிப்படையே தவறு என்பது என் கட்சி. அந்தக் கொதிப்பில் ஒரு பகுதி விமர்சனம். அதுவும், தொழில்முறை விமர்சகர்கள் இன்னும் எட்டாத ஒரு கலை வடிவத்தைப் பற்றி, அதனுள்ளேயே வாழ்ந்தவர்கள் செய்த விமர்சனம். எந்தப் பகுதி விமர்சனம், எந்தப் பகுதி வெறும் புலம்பல் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்'. 2003 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் வெளியானது. உருவாக்கி நடத்தியது சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட். வெளியிட்டது லூகாஸ் ஆர்ட்ஸ். படைப்பு இயக்குநர் ராஃப் கோஸ்டர், 1997இல் வந்த 'அல்ட்டிமா ஆன்லைன்' விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர். 1977இல் வந்த முதல் படத்துக்கும் 1980இல் வந்த இரண்டாவது படத்துக்கும் இடைப்பட்ட காலம்தான் விளையாட்டின் காலம். ஆனால் கதை என்று அதில் பெரிதாக எதுவும் இல்லை. இருந்தது பிழைப்பு.

முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள். ஒவ்வொருவருக்கும் 250 திறன் புள்ளிகள். அவற்றை எந்தத் தொழில்களில் எப்படிப் பங்கிடுவது என்பது அவரவர் பாடு. ஒரு சர்வரில் ஒருவருக்கு ஒரே பாத்திரம்தான். எனவே எவரும் எல்லாமாகவும் இருக்க முடியாது. போருக்குப் போகிறவனுக்குத் துப்பாக்கி வேண்டும். அதைச் செய்து தருபவர் இன்னொரு ஆட்டக்காரர். அவருக்கு உலோகம் வேண்டும். அதை மண்ணில் தேடி, எந்திரம் வைத்து எடுப்பவர் மற்றொருவர். உலோகமும் எப்போதும் ஒரே தரத்தில் கிடைப்பதில்லை. ஒரு தாதுப்படிவு சில நாட்கள் இருக்கும், அதற்கென்று சில குணங்கள், பிறகு மறைந்துவிடும். கிடைத்தபோது எடுத்து வைத்தவன் கெட்டிக்காரன். செய்த துப்பாக்கி தேயும். திரும்பவும் ஒருவரிடம் போய் நிற்க வேண்டும். காயம்பட்டவனுக்கு வைத்தியர். இவை எல்லாவற்றையும்விட விசேஷமானது ஒன்று: தொடர்ந்து சண்டையிட்டவனுக்கு மனக்காயமும் போர்க்களைப்பும் சேரும். அவற்றை ஆற்ற மருந்து கிடையாது. ஊருக்குத் திரும்பி, மதுக்கடையில் உட்கார்ந்து, இன்னொரு ஆட்டக்காரர் ஆடும் நடனத்தைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் வாசிக்கும் இசையைக் கேட்க வேண்டும்.

இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்க்கலாம். துப்பாக்கி ஏந்தியவன், ஆடுகிறவளின் எதிரில் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிஷங்கள் வெளிப்பார்வைக்குச் சலிப்பானவை. ஆனால் விளையாட்டின் உருவமே அந்தச் சலிப்பில்தான் இருக்கிறது. நாவலுக்கு மொழிபோல, சிற்பத்துக்குக் கல்போல, இந்த வடிவத்துக்கு ஊடகம் ஒருவர் மற்றவருக்குத் தேவைப்படுவது. காத்திருக்கும்போது பேச்சு வருகிறது, பேச்சிலிருந்து பரிச்சயம், பரிச்சயத்திலிருந்து ஊர். 2003இன் இறுதியில் ஆட்டக்காரர்களே ஊர்களை அமைத்து நிர்வகிக்க முடிந்தபோது, வெகு நாட்களாக நடந்துகொண்டிருந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். திரையில் தெரிந்த வீடுகளைச் சித்திரக்காரர்கள் வரைந்திருக்கலாம். அவற்றுக்கு இடையே இருந்த ஊரைச் செய்தவர்கள் ஆடியவர்கள்.

இனி நடந்தது. 2005 ஏப்ரலில் சண்டை முறை அடியோடு மாற்றப்பட்டது. அந்த வருஷம் நவம்பர் 1 அன்று ஒரு புதிய விரிவாக்கம் விற்பனைக்கு வந்தது. அதை வாங்கியவர்கள் பிரித்துப் பார்ப்பதற்குள் மறு அறிவிப்பு: விளையாட்டு முழுவதும் மாறப்போகிறது. நவம்பர் 15 அன்று மாறியது. முப்பது சொச்சம் தொழில்கள் 9 ஆயின. மிருகங்களைப் பழக்கி வளர்த்த தொழில் ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. மறைந்திருந்து, அபூர்வமாகச் சிலருக்கே கைகூடிய ஜெடாய் நிலை, முதல் நாளே தேர்ந்தெடுக்கக்கூடிய தொழில் ஆயிற்று. கூச்சல் பலத்தபோது, விரிவாக்கத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாகக் கம்பெனி சொன்னது. பணத்தைத் திருப்பலாம்.

காரணம் ரகசியமல்ல. 2004 நவம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வந்திருந்தது; 2005 முடிவதற்குள் அதற்கு 50 லட்சம் சந்தாதாரர்கள். அந்த டிசம்பரில் லூகாஸ் ஆர்ட்ஸ் தரப்பில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குத் தரப்பட்ட விளக்கத்தின் சாரம் இது: விளையாட்டில் படிக்க வேண்டியது மிக அதிகமாக இருந்தது, மக்கள் ஹான் சோலோவாகவோ லூக்காகவோ இருக்க வேண்டும், ஓவன் பெரியப்பாவாக அல்ல.

முதல் காரணம் நமக்குப் புதிதல்ல. வாசகனுக்குப் படிக்கப் பொறுமையில்லை என்று வாசகனைக் கேட்காமலேயே தீர்மானித்துவிட்ட பத்திரிகை ஆசிரியர்களோடுதான் நாம் காலம் தள்ளுகிறோம். இரண்டாவது காரணம்தான் கவனிக்கத்தக்கது. ஓவன், லூக்கை வளர்த்தவர். இரண்டு சூரியன்கள் காயும் பாலைவனத்தில், காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து விவசாயம் செய்கிறவர். முதல் படத்தில் அவர் சீக்கிரமே கொல்லப்படுகிறார். லூக் வீட்டை விட்டுப் புறப்பட அவர் சாக வேண்டியிருக்கிறது. சினிமாவுக்கு அவர் அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் முடிகிற கதை, ஒருவனை நாயகனாக்க மற்றவர்களை நிறுத்தி வைக்கலாம். அவர்கள் திரைக்கு வெளியே எங்கோ வாழ்ந்துகொண்டிருப்பதாக நாமும் நம்பிக்கொள்வோம். வருஷக்கணக்காக, ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் புழங்கும் வடிவத்தில் இது செல்லாது. இங்கே திரைக்கு வெளியே என்று ஓர் இடமே கிடையாது. எல்லோரும் ஹான் சோலோ என்றால், ஹான் சோலோவுக்குத் துப்பாக்கி செய்து கொடுப்பது யார்? அவன் களைத்து வந்து உட்காரும் மதுக்கடையில் எதிரே ஆடுவது யார்? நாயகத்தன்மை என்பதே மற்றவர்கள் நாயகர்களாக இல்லாததன் விளைவு. அதை எல்லோருக்கும் இனாமாகக் கொடுத்தபோது அது காலியாகிவிட்டது. பேராசை என்று மட்டும் இதைத் திட்டுவது சோம்பேறித்தனம். நடந்தது உருவம் பற்றிய அறியாமை. ஒரு கலை வடிவத்தின் இலக்கணத்தை இன்னொரு கலை வடிவத்தின் மேல் திணித்தார்கள்.

ஆட்டக்காரர்களைப் பரிசுத்தவான்களாக்கவும் நான் தயாரில்லை. 2005க்கு வெகு முன்பே சீரழிவு உள்ளே புகுந்துவிட்டது. அதற்கு வாசலைத் திறந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. ஜெடாய் ஆவது எப்படி என்பது முதலில் புதிர். சில தொழில்களில் தேர்ச்சி பெற வேண்டும், எந்தத் தொழில்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறு, யாருக்கும் தெரியாது. 2003இன் கடைசி மாதங்களில், 'ஹோலோக்ரான்' என்ற பொருள் மூலம் உங்களுக்கான அடுத்த தொழில் இன்னது என்று குறிப்பு கிடைக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து நடனக்காரி நடனத்தை விட்டாள். வைத்தியன் வைத்தியத்தை விட்டான். தனக்குப் பிடிக்காத தொழில்களை ஒவ்வொன்றாகத் தலையெழுத்தே என்று கற்று, கற்றதும் உதறிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். இந்த ஏற்பாடு விளையாட்டைக் கெடுத்தது என்று கோஸ்டரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கம்பெனி தூண்டில் போட்டது உண்மை. கடித்தவர்கள் யார்? ஓவனின் நிலத்தில் நிம்மதியாக இருந்தவர்களுக்குள்ளும் ஒரு ஹான் சோலோ குடியிருந்தான். 2005இன் மாற்றம் அவனை நம்பித்தான் செய்யப்பட்டது. பழைய விளையாட்டு குறைகள் மலிந்தது, புதிதாக வந்தவர்களை விரட்டியது என்பதும் வாஸ்தவம்.

அப்படியானால் கொதிப்பில் விமர்சனம் எது? ஆட்டக்காரர்களின் குறைகள் இரண்டு வகை. 'நான் போட்ட நேரமும் பணமும் வீணாயிற்று' என்பது ஒன்று. இது முதலீட்டாளரின் குறை. நியாயமானது, ஆனால் இழப்பீடு கொடுத்தால் தீர்ந்துவிடும். 'நான் யாருக்கும் தேவைப்படாதவன் ஆகிவிட்டேன்' என்பது மற்றது. இதற்கு இழப்பீடு இல்லை. மதுக்கடை நடனக்காரி புதிய ஏற்பாட்டிலும் நீக்கப்படவில்லை. கேளிக்கையாளர் என்று 9 தொழில்களில் ஒன்றாகப் பட்டியலில் இருந்தாள். அவள் முன்னால் வந்து உட்காருவதற்கான அவசியம்தான் போயிற்று. பட்டியலில் பெயர் இருப்பதற்கும் ஊரில் இடம் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பிழைப்பவன் என்ற முறையில் இந்த வித்தியாசம் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றல்ல. நடுவில் நிற்கும் மனிதனை அகற்றுவதற்கு 'வசதி' என்று பெயர். வசதி பொய்யும் அல்ல. வரிசை குறைகிறது, வேலை விரைவாகிறது. வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டது எந்த லெட்ஜரிலும் ஏறாத வரவு; எனவே அது போனதும் நஷ்டக் கணக்கில் வராது.

ஆடுகிறவர்கள் பேச்சைக் கேட்டு நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவுக்கும் அவசரப்பட வேண்டாம். கேட்டு நடத்திய உதாரணங்களும் இருக்கின்றன. கேம்பிரிட்ஜின் ஜாகெக்ஸ் நடத்தும் 'ரூன்ஸ்கேப்' 2001இல் தொடங்கியது. விளையாட்டுக் காசை நிஜக் காசுக்கு விற்பவர்களை ஒழிக்க, 2007 டிசம்பர் தொடங்கித் தடையற்ற பண்டமாற்றும் காட்டுப்பகுதிச் சண்டையும் நிறுத்தப்பட்டன. 2011 பிப்ரவரியில், வாக்கெடுப்புக்குப் பிறகு, திரும்பி வந்தன. 2012 நவம்பரில் சண்டை முறை மாற்றப்பட்டு மறுபடி கலகம். 2013 பிப்ரவரியில் 4 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழ, 2007 ஆகஸ்டில் இருந்த நிலையிலேயே பழைய விளையாட்டு தனியாகத் திறக்கப்பட்டது. அதில் புதிதாக எது சேர வேண்டுமானாலும் ஆடுகிறவர்களின் வாக்கு தேவை. 75 சதவீதம் என்றிருந்த அளவு பின்னர் 70 ஆயிற்று. இது பெரிய வெற்றிதான். ஆனால் வாக்கு, இழந்ததை மீட்கும். இன்னும் கற்பனைக்கு எட்டாததை அதனால் கேட்க முடியாது. மதுக்கடை நடனத்தைப் பற்றி முன்கூட்டி வாக்கெடுத்திருந்தால் 70 சதவீதம் கிடைத்திருக்குமா என்பது என் சந்தேகம். உட்கார்ந்து காத்திருக்க யார் வாக்களிப்பார்கள்?

ஐஸ்லாந்தின் சிசிபி நடத்தும் 'ஈவ் ஆன்லைன்' வேறொரு பாடம். 2003இல் தொடங்கிய அந்த விளையாட்டில், 2011 ஜூனில், பாத்திரத்தின் முகத்தில் மாட்டும் ஒற்றைக் கண்ணாடி ஒன்றுக்கு 60 டாலருக்கும் கூடுதலாக விலை வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் சொல்வதைவிடச் செய்வதைக் கவனிக்க வேண்டும் என்று கம்பெனித் தலைவர் ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் வெளியே கசிந்தது. ஆட்டக்காரர்கள் செய்து காட்டினார்கள்: சந்தா நிறுத்தினார்கள், பெரிய சந்தை நிலையத்தின் வெளியே கப்பல்களோடு கூடி, அங்கிருந்த சிலையைச் சுட்டார்கள். சிலைக்கு ஒன்றும் ஆகாது என்பது சுட்டவர்களுக்குத் தெரியும். ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தினரை ரெய்க்யவிக்குக்கு அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. அக்டோபரில் தலைவர் பகிரங்க மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் ஊழியர்களில் ஏறக்குறைய 20 சதவீதம் பேருக்கு வேலை போயிற்று. மேலே எடுத்த தவறான முடிவுக்குக் கீழே விலை கொடுக்கப்பட்டது. கொதித்தெழுந்தவர்களின் வெற்றி விழாவில் இந்த வரியை யாரும் வாசிப்பதில்லை.

'கேலக்ஸீஸ்' 2011 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டது. அதற்கு முன்பிருந்தே, தன்னார்வலர்கள் அதைத் தங்கள் சொந்த சர்வர்களில் மறுபடி எழுப்பும் வேலையில் இறங்கியிருந்தார்கள். அந்த முயற்சிகளில் முதலாவது எடுத்துக்கொண்ட நிலை 2005 ஏப்ரலுக்கு முந்தையது. ஏட்டுச்சுவடி பதிப்பிக்கிறவர்களின் உழைப்பு அது: எந்த ஆயுதம் எவ்வளவு தேயும், எந்த நடனம் எவ்வளவு ஆற்றும் என்று ஞாபகத்திலிருந்தும் மிச்சமிருந்த தகவல்களிலிருந்தும் வருஷக்கணக்காகச் சரிபார்த்துச் சரிபார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒரு கூட்டம் சம்பளமில்லாமல் இத்தனை வருஷம் ஒரு பிரதியைக் காப்பாற்றுகிறது என்றால், பொம்மை என்று சொன்ன பண்டிதர் தன் அகராதியைத் திருத்திக்கொள்வது நல்லது. ஆனால் விதிகளை மீட்பது வேறு, அறியாமையை மீட்பது வேறு. எந்தத் தொழில் லாபம், எந்த வழி குறுக்கு வழி என்று எல்லாமே இப்போது தெரியும். தேவை இருக்கிறது; அந்தத் தேவையோடு ஒருவன் வாசலில் முதன்முறையாக வந்து நின்ற கூச்சம் இல்லை. காப்பாற்றப்பட்டது பிரதி; ஊர் அல்ல.

இதைச் சொல்வதால் அவர்கள் உழைப்பு குறைந்துவிடாது. அவர்கள் திரும்பிப் போகத் தேர்ந்தெடுத்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஜெடாய் சுலபமாகக் கிடைக்கும் காலத்துக்கு அவர்கள் போகவில்லை. துப்பாக்கி தேய்கிற, தாது தீர்ந்துபோகிற, களைத்தவன் உட்கார்ந்து காத்திருக்க வேண்டிய காலத்துக்குப் போனார்கள். மக்கள் ஓவன் பெரியப்பாவாக இருக்க விரும்ப மாட்டார்கள் என்று தீர்மானித்தவர்கள், அந்த நிலத்தில் ஏற்கெனவே பயிர் வைத்திருந்தவர்களைக் கேட்கவில்லை.