குரல் விலகி நிற்கும் இடம்: நைட்விஷ்ஷின் ‘வன்ஸ்’

பின்லாந்தின் கீட்டே என்னும் சிற்றூரில் 1996இல் தோன்றிய நைட்விஷ் குழு 2004 ஜூனில் வெளியிட்ட ‘வன்ஸ்’ இசைத்தொகுப்பைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் அதன் பிரம்மாண்டத்தையே புகழ்கின்றனர். அந்தப் புகழ்ச்சி பொய்யில்லை. ஆயினும், அத்தொகுப்பின் மேன்மை அதன் பேரொலியில் இருப்பதைவிட, எந்த ஒலி எப்போது அடங்க வேண்டும் என்பதை அறிந்து அடங்குவதில்தான் மிகுதியாக இருக்கிறது. சிம்ஃபொனிக் மெட்டல் என்ற வகைமை தொடக்கம் முதலே சுமந்துவரும் ஒரு சிக்கலை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

மெட்டல் இசையின் கிட்டார் ‘டிஸ்டார்ஷன்’ என்னும் ஒலித்திரிபின் வழியாகவே தன் கனத்தைப் பெறுகிறது. அத்திரிபு, மீட்டப்படும் ஒவ்வொரு சுரத்தோடும் எண்ணற்ற மேற்சுரங்களைச் சேர்த்து, மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஒலிக்கச் செய்துவிடுகிறது. மேற்கத்திய வாத்தியக் குழுவின் உயிரோ நேர்மாறாக, கேட்டும் கேளாத மென்மையிலிருந்து முழுமுழக்கம் வரை ஏறியிறங்கும் இடைவெளியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வேளையில் ஒலிக்கவிட்டால் வயலின்களும் வியோலாக்களும் கிட்டார்ச் சுவருக்குப் பின்னால் மங்கிப்போகும் என்பதால், பல குழுக்கள் வாத்தியக் குழுவை வெறும் பூச்சு வேலையாகவே பயன்படுத்தின. ‘வன்ஸ்’ தொகுப்பில் இசையமைப்பாளர் துவோமாஸ் ஹோலோபைனன், வாத்தியக் குழுவுக்கான இசைக்கோப்பை ஆங்கிலேயரான பிப் வில்லியம்ஸிடம் ஒப்படைத்தார். முந்தைய ‘செஞ்சுரி சைல்ட்’ தொகுப்புக்குப் பின்லாந்துக் கலைஞர்களோடு பணிபுரிந்த குழு, இம்முறை லண்டனுக்குச் சென்று பதிவு செய்தது. அங்கே நிகழ்ந்த மாற்றம் வாத்தியங்களின் எண்ணிக்கை சார்ந்ததன்று. யார் எப்போது பேசுவது என்ற முறை சார்ந்தது.

அம்முறையின் முழுமையான வடிவம் ஒன்பதாவது பாடலான ‘கோஸ்ட் லவ் ஸ்கோர்’. பத்து நிமிடம் நீளும் இப்பாடலில் குழுவின் அன்றைய பாடகி தார்யா துருனென் பாடும் நேரம் முதன்முறை கேட்பவர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. பல்லவி ஒலித்து முடிந்தபின் குரல் விலகிக்கொள்ள, நரம்பு வாத்தியங்களும் பித்தளைக் குழல்களும் கூட்டுப்பாடகர் குழுவும் பாடலைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு திரைப்படத்தின் பின்னணி இசையைப் போலக் காட்சிக்குப் பின் காட்சியாக விரித்துச் செல்கின்றன. திரையிசைமீது ஹோலோபைனன் கொண்ட பற்று ஊரறிந்தது. பாடலின் பெயரிலுள்ள ‘ஸ்கோர்’ என்ற சொல்லும் அதைத்தான் சுட்டுகிறது. பாடகியின் குரலே ஒரு குழுவின் அடையாளமாக இருக்கும்போது, அக்குரலை இவ்வளவு நேரம் காக்கவைக்க அசாத்தியத் துணிவு வேண்டும். அது திரும்பும்போது வெற்றி முழக்கமாகத் திரும்புவதில்லை; தாழ்ந்து, தயங்கி, வீடு சேரக் கேட்கும் தொனியில் திரும்புகிறது. அதன் பிறகே கூட்டுக்குரல்களும் ‘ரிஃப்’ எனப்படும் கிட்டாரின் சுழல்வரிசையும் இறுகிப் பின்னி எழுகின்றன. இறுதிப் பல்லவியில் சுருதியே மேலேறும்போது, அந்த ஏற்றம் தந்திரமாகத் தோன்றாமல் தவிர்க்க இயலாததாகத் தோன்றுவதற்குக் காரணம், அதற்கு முன் கழிந்த அந்தக் காத்திருப்புதான். நடுப்பகுதியைத் தாவிக் கடந்து இறுதியை மட்டும் கேட்பவருக்கு ஓர் உரத்த பல்லவி கிடைக்கும்; பாடல் கிடைக்காது.

இவ்விடத்தில் ஒரு வழக்கு உண்டு. 2013 ஆகஸ்டில் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் நெதர்லாந்துப் பாடகி ஃப்ளோர் யான்சன் இதே குழுவோடு இதே பாடலைப் பாடியதே இதன் உச்சம் என்று கருதும் ரசிகர்கள் ஏராளம். அவருடைய ஆற்றலை யாரும் மறுக்க முடியாது. முடிவில் அவர் எழுப்பி நிறுத்தும் கார்வை கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். ஆனால் அந்த வடிவத்தில் பாடல் ஒரு பாடகியின் வெற்றியாக முடிகிறது. தார்யாவின் பதிவில், செவ்வியல் பயிற்சி பெற்ற அவருடைய சொப்ரானோ, அதாவது பெண்குரலின் மேல்வரிசை, கூட்டுக்குரல்களின் மேல் மிதந்தாலும் அவற்றை அடக்க முற்படுவதில்லை. ஒரு வாத்தியமாக வாத்தியங்களோடு நிற்கிறது. சுவீடனின் தேரியன் குழுவை முன்னிறுத்துவோர், 1996இல் வந்த ‘தேலி’யிலேயே கூட்டுப்பாடகர் குழு நடுநாயகமாகிவிட்டது என்பர். அது உண்மை, முன்னோடியின் மதிப்பும் அதற்கு உண்டு. எனினும் அங்கே பிரிவதற்கும் திரும்புவதற்கும் மையமான ஒரு தனிக்குரல் இல்லை. ஆகவே இந்த ஏக்கம் அங்கே பிறக்க வழியில்லை.

மற்ற பாடல்கள் ஒரே தரத்தவையல்ல. ‘விஷ் ஐ ஹாட் அன் ஏஞ்சல்’ நடன அரங்குத் தாளத்தில் ஓடி முடிந்துவிடுகிறது. ‘நீமோ’ அதன் புகழுக்குத் தகுந்த எளிய அழகு. ஜான் டூ-ஹாக்ஸ் புல்லாங்குழல் வாசித்து லகோட்டா மொழியில் உரைக்கும் ‘க்ரீக் மேரிஸ் பிளட்’ பாடலின் நீண்ட இறுதிப் பகுதி, பொறுமையுடன் கேட்டால், பாடலின் தேவைக்கு மீறியது என்ற குற்றச்சாட்டைப் பொய்யாக்கிவிடும். முழுக்கப் பின்னிய மொழியிலேயே பாடப்படும் ‘குவோலெமா தெகே தைதெய்லியன்’, பத்து நிமிடப் பெருக்குக்கு உடனே பின்னால் வைக்கப்பட்டிருப்பது வரிசை அமைப்பின் நுட்பம்.

இந்த வகைமையில் இன்று வெளிவரும் பல தொகுப்புகளில் அப்படிப்பட்ட வரிசையும் இல்லை, மூச்சுவிடும் இடமும் இல்லை. முன்பதிவான ஒலித்துணுக்குகளைக் கணினியில் கோத்து வாத்தியக் குழுவை உருவாக்குவது எளிதாகிவிட்டதால், ஒவ்வொரு தாளக்கட்டிலும் கொம்பும் முரசும் கூட்டுக்குரலும் நிரப்பப்படுகின்றன. ‘கம்ப்ரெஷன்’ எனப்படும் ஒலியமுக்கம் மென்மைக்கும் முழக்கத்துக்கும் இடையிலிருந்த தொலைவை மேலும் சுருக்கிவிடுகிறது. செலவு குறைந்தது குற்றமன்று. சிறு குழுக்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. ஆனால் லண்டனில் கூலிக்கு அமர்த்தப்பட்ட கலைஞர்களின் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வந்தபோது, எந்த இடத்தில் அவர்கள் வாசிக்க வேண்டும் என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டாக வேண்டியிருந்தது. கட்டணமின்றிக் கிடைக்கும் இசைக்குழுவிடம் ‘இங்கே வாசிக்க வேண்டாம்’ என்று சொல்ல இன்றைய இசைக்கோப்பாளர்களுக்கு எந்தக் கட்டாயமும் இருப்பதில்லை, சொல்பவர்களும் மிகச் சிலரே.